நீ இதைப் படிச்சிருக்கியா?

சென்னைப் புத்தகக் காட்சியில் சிறுவர் நூல்கள் விற்கும் கடையின் ஓரமாகச் சற்று நேரம் நின்றால் போதும், ஒரே பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழும். "அதான் வீட்ல இதே மாதிரி நாலு கிடக்கே, வேற ஏதாவது எடுடா" என்பார் அம்மா. பையன் கையிலிருக்கும் காமிக்ஸை விடமாட்டான். அப்பா பொது அறிவுக் களஞ்சியம் ஒன்றை எடுத்து நீட்டுவார். பையன் அதை வாங்கி, அட்டையைப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவான். கடைசியில் இரண்டுக்கும் பில் போடுவார்கள். வீட்டுக்குப் போனதும் ஒன்றைத்தான் படிப்பான்.

இந்தப் பெற்றோரின் கவலை நியாயமானதுதான். பிள்ளை ஒரே வகைப் புத்தகத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வது, புதிதாக ஒன்றை எடுத்துப் பார்க்க எப்படித் தூண்டுவது என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். அவர்களிடம் நான் திருப்பி ஒன்று கேட்பேன். அவனுக்குப் பிடித்த அந்தப் புத்தகத்தைப் பற்றி அவன் இதுவரை யாரிடமாவது முழுசாகச் சொல்லியிருக்கிறானா? இதற்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை. தனக்குப் பிடித்ததைச் சொல்லிப் பழகிய பிள்ளைதான் இன்னொரு பிள்ளை சொல்வதையும் காதுகொடுத்துக் கேட்கும். அப்படிக் கேட்கிற பிள்ளைதான் தெரியாத புத்தகத்தைத் தொடும். இதில் வரிசை மாறினால் காரியம் நடக்காது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

பத்து வயதுப் பிள்ளைக்கு நாம் ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்யும்போது என்ன சொல்கிறோம்? "நல்ல புத்தகம், படிச்சா அறிவு வளரும்." அதே வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு எப்படிச் சொல்லும்? "அதுல ஒருத்தனுக்குக் கை இரும்புடா. கரண்ட் பாஞ்சா ஆளே மறஞ்சுபோயிடுவான், கை மட்டும் தனியா அந்தரத்துல போகும்!" பிரிட்டனில் 'தி ஸ்டீல் கிளா' என்று வெளிவந்த படக்கதையை 1970களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்தது. இரும்புக்கை மாயாவி ஒரு தலைமுறைக்கே தெரிந்த ஆளானதில் இடைவேளையின்போது பையன்கள் பேசிக்கொண்ட பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. கேட்டவன் வீட்டில் காசு கேட்டான். காசு கிடைக்காதவன் தன்னிடமிருந்த பழைய இதழைக் கொடுத்து மாற்றிக்கொண்டான். வாங்கிப் படி என்று எந்த ஆசிரியரும் வற்புறுத்தவில்லை. பல வீடுகளில் ஒளித்து வைத்துத்தான் படிக்கவேண்டியிருந்தது.

இரண்டு சிபாரிசுகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். நாம் பயனைச் சொல்கிறோம், பிள்ளை பார்த்ததைச் சொல்கிறது. நாம் சொல்லும்போது கேட்கிற பிள்ளைக்குப் பின்னாலேயே ஒரு பரீட்சை வருவது தெரிந்துவிடும். "படிச்சியா? என்ன புரிஞ்சுது? எத்தனை பக்கம் முடிச்சே?" என்று நாம் கேட்போம் என்பது அதற்கு அனுபவம். தோழன் அப்படிக் கேட்கமாட்டான். அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்த இரும்புக் கையைப் பற்றிச் சேர்ந்து பேச இன்னொரு ஆள்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு நடத்திய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி உண்டு. அமெரிக்காவில் பிபிஎஸ் பொதுத் தொலைக்காட்சி 1983 கோடையில் தொடங்கிய 'ரீடிங் ரெயின்போ'. கோடை விடுமுறையில் பிள்ளைகள் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள், பள்ளி திறக்கும்போது வாசிப்பில் பின்தங்கி வருகிறார்கள் என்ற கவலையில் பிறந்த நிகழ்ச்சி அது. நடத்தியவர் லெவார் பர்ட்டன் என்ற நடிகர். 'ரூட்ஸ்' தொடரில் அடிமையாகக் கொண்டுவரப்பட்ட குன்டா கின்டேயாக நடித்து 1977-இல் புகழ்பெற்றவர். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு புத்தகத்தைப் படங்களோடு வாசித்துக் காட்டுவார்கள். அந்தப் புத்தகத்தில் எரிமலை வந்தால் பர்ட்டன் எரிமலை இருக்கும் இடத்துக்கே போவார். தேனீ வந்தால் தேனீ வளர்ப்பவரிடம் போய் நிற்பார்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது நிகழ்ச்சியின் கடைசிச் சில நிமிடங்கள். நான் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று பர்ட்டன் ஒதுங்கிக்கொள்ள, சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வருவார்கள். ஆளுக்கொரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள். கதை யாரைப் பற்றியது, தனக்கு ரொம்பப் பிடித்த இடம் எது என்று தன் வாய்மொழியில் சொல்லிவிட்டு, என்ன ஆகிறது என்று தெரியவேண்டுமானால் நீங்களே படித்துப் பாருங்கள் என்ற மாதிரி நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான். 2006 வரை புதிய நிகழ்ச்சிகள் வந்துகொண்டிருந்தன. அந்தப் புத்தகங்களைக் கேட்டுப் பிள்ளைகள் நூலகங்களைத் தேடிப் போனார்கள். பெரிய நடிகர் ஒருவர் கையில் மைக் இருந்தும், புத்தகத்தைச் சிபாரிசு செய்யும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார்களே, அங்கேதான் அந்த நிகழ்ச்சியின் உயிர் இருந்தது என்பேன்.

நம் வீடுகளிலும் வகுப்புகளிலும் இதைச் செய்ய எது தடையாக நிற்கிறது? தயங்காமல் சொல்கிறேன், "இக்கதையின் நீதி என்ன?" என்ற கேள்விதான். ஆமையும் முயலும் முதல் அன்றாடம் படிக்கும் துணைப்பாடம் வரை எல்லாக் கதைக்கும் வாலாக இந்தக் கேள்வியைக் கட்டிவிட்டோம். பிள்ளையும் பழகிவிடுகிறது. கதையைப் படிக்காமலே நீதியைச் சொல்லிவிடும். 'உண்மையே வெல்லும்', 'ஒற்றுமையே பலம்' என்று கைவசம் நாலைந்து நீதிகள் இருந்தால் எட்டாம் வகுப்பு வரை தாக்குப்பிடிக்கலாம். கதையில் தனக்கு எது பிடித்தது என்று யோசிக்கவேண்டிய அவசியமே பிள்ளைக்கு வருவதில்லை.

எய்டன் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர், ஆசிரியராக இருந்து எழுத்தாளரானவர், சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை 2002-இல் பெற்றவர், இதற்கு ஒரு வழி காட்டினார். 1993-இல் வந்த 'டெல் மீ' என்ற அவருடைய நூல் முழுவதுமே பிள்ளைகளைப் புத்தகங்களைப் பற்றிப் பேசவைப்பது எப்படி என்பதுதான். அடிப்படையாக அவர் வைப்பது நான்கு விஷயங்கள். இதில் உனக்குப் பிடித்தது எது? பிடிக்காதது எது? எது புரியாமல் உன்னைக் குழப்பியது? எதோடு எது ஒத்துப்போகிறது, எது திரும்பத் திரும்ப வருகிறது? "ஏன் பிடித்தது?" என்று உடனே மடக்காதீர்கள் என்பது அவர் சொல்லும் எச்சரிக்கை. 'ஏன்' என்றதும் பிள்ளைக்கு அது விசாரணையாகிவிடும். "சொல்லேன், கேட்போம்" என்ற தொனியில் தொடங்கினால் காரணம் தானாக வெளியே வரும்.

ஒரு புத்தகத்தை வைத்தே பார்ப்போம். ஜப்பானில் 1981-இல் வெளிவந்த 'டோட்டோ-சான்', தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. வகுப்பில் ஓயாமல் மேஜை மூடியைத் திறந்து மூடுவதும், ஜன்னலருகே நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிடுவதுமாக இருந்த சிறுமியை முதல் பள்ளியிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். அவள் போய்ச் சேரும் தோமோயே பள்ளியில் வகுப்பறைகளே பழைய ரயில் பெட்டிகள்.

இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பெரியவர்களைக் கேட்டால் மாற்றுக் கல்வி என்பார்கள். பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், ரயில் பெட்டிக்கு அடுத்தபடி அநேகமாகக் கக்கூஸ் குழியைப் பற்றித்தான் பேசுவார்கள். டோட்டோ-சானின் ஆசையான பர்ஸ் கழிப்பறைக் குழிக்குள் விழுந்துவிடும். அவள் ஒரு நீண்ட அகப்பையைக் கொண்டுவந்து உள்ளே இருப்பதையெல்லாம் அள்ளி அள்ளி வெளியே குவிப்பாள். அந்தப் பக்கமாக வரும் தலைமையாசிரியர் கோபாயாஷி திட்டமாட்டார். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவார். இந்த இடத்தைச் சொல்லும்போது பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "ஆமா, அவரு ஏன் திட்டவே இல்லை?" சேம்பர்ஸ் சொன்ன மூன்றாவது விஷயம், அந்தக் குழப்பம், வந்துவிட்டது. இனி நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம். "எங்க ஹெச்செம்மா இருந்தா..." என்று ஒரு பிள்ளை ஆரம்பித்தால் பேச்சு அதன் போக்கில் ஓடும்.

பிடிக்காததைக் கேட்பதும் அதே அளவு முக்கியம். டோட்டோ-சானின் தோழன் இறந்துபோவதும், போர்க்காலத்தில் விமானக் குண்டுவீச்சில் அந்தப் பள்ளி எரிந்துபோவதும் பல பிள்ளைகளுக்குத் தாங்காது. "கடைசி எனக்குப் பிடிக்கலை" என்று ஒரு பிள்ளை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சொன்னால், அது புத்தகத்தின் உள்ளே போய்விட்டது என்று பொருள். அப்போது போய், நல்ல புத்தகத்தை அப்படிச் சொல்லக்கூடாது என்று திருத்தாதீர்கள்.

குழப்பத்தை வைத்துப் பிள்ளைகளைப் பேசவைப்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கிய வேதாளம் கதை சொல்லி முடித்ததும் என்ன செய்தது? இதில் யார் செய்தது சரி, யாருக்கு உரிமை அதிகம் என்று ஒரு சிக்கலைப் போட்டது. விக்கிரமன் பதில் சொல்வதற்கு முன்னால் நாம் ஒரு பதில் வைத்திருப்போம். பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறொன்று வைத்திருக்கும். இரண்டும் தப்பாக இருந்தாலும் சண்டை பலமாக நடக்கும். நீதி கேட்காமலே ஒரு பத்திரிகை தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது.

அடுத்து, கேட்பவர். கோபாயாஷி தன் பள்ளிக்கு வந்த சிறுமியிடம் முதல் நாள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. உனக்குச் சொல்லத் தோன்றுவதையெல்லாம் சொல் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் நான்கு மணி நேரம் பேசினாள். அவர் கொட்டாவி விடாமல் கேட்டார். நான்கு மணி நேரம் நம்மால் முடியாது, வேண்டியதும் இல்லை. இரவு சோறு போடும்போது பத்து நிமிடம், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாயாவி எப்படித் தப்பித்தான் என்று கேட்டுக்கொண்டால் போதும். கதையில் கோர்வை இருக்காது. நடுவிலிருந்து தொடங்கும், பெயர்கள் மாறும், முடிவு முதலிலேயே வந்துவிடும். இருக்கட்டும். நாலு தடவை சொன்னால் அதுவே கோர்வையாகிவிடும். தோழர்கள் முன்னால் சொல்லும்போது எங்கே நிறுத்தினால் கேட்பவன் தவிப்பான் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

இனி முதலில் விட்ட இடத்துக்கு வருவோம். புதியதை எடுத்துப் பார்க்க வைப்பது எப்படி?

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் இந்திய நூலகத் துறையின் தந்தை என்று எல்லோருக்கும் தெரியும். அவர் நூலகத்துக்கு விரும்பி வந்தவர் அல்லர் என்பது அவ்வளவாகத் தெரியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றதும் அந்த வேலை அவருக்குச் சலித்துப்போயிற்று. வகுப்பறையின் கலகலப்பு இல்லை, பேச ஆள் இல்லை. பழைய வேலைக்கே திரும்புகிறேன் என்று கல்லூரியில் போய்க் கேட்டார். முதலில் லண்டனுக்குப் போய் நூலகவியல் படித்துவிட்டு வாருங்கள், வந்த பிறகும் சலிப்பாகவே இருந்தால் உங்கள் பழைய வேலை உங்களுக்குத்தான் என்று அங்கே சொன்னார்கள். போனார். லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே சில துண்டுகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான பொம்மைகள் வந்தன. நூல்களை வகைப்படுத்தும் அவருடைய புகழ்பெற்ற கோலன் பகுப்பு முறைக்கு வித்து அங்கே விழுந்தது. 1925-இல் திரும்பி வந்தவர் பிறகு கணித வகுப்பைக் கேட்கவே இல்லை.

இந்தச் செய்தியை நான் பெற்றோரிடம் விரும்பிச் சொல்வதற்குக் காரணம், திரும்பி வரலாம் என்ற அந்த வாக்குறுதி. அது இருந்ததால்தான் அவர் கப்பலேறினார். ஒரு புதிய புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுக்கும்போது நாம் அந்த வாக்குறுதியைத் தருவதில்லை. "வாங்கியாச்சு, முடிக்கணும்" என்கிறோம். முடித்தே தீரவேண்டும் என்றால் பிள்ளை எதையும் தொடங்காது. ஏற்கனவே தெரிந்த, ஏமாற்றாத, அந்தப் பழைய காமிக்ஸையே எடுக்கும். பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான தானியேல் பெனாக் 1992-இல் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டார். பாதியில் நிறுத்தும் உரிமை, பக்கங்களைத் தாவும் உரிமை, படித்ததையே திரும்பப் படிக்கும் உரிமை எல்லாம் அதில் அடக்கம். வீட்டில் இப்படி ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: பத்துப் பக்கம் படித்துப் பார், பிடிக்கவில்லையென்றால் வைத்துவிடு, யாரும் ஏன் என்று கேட்கமாட்டோம். வைத்துவிட்ட புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே கை அதை எடுக்கக்கூடும்.

தோமோயே பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. டப்பாவில் கடலிலிருந்து ஏதாவது ஒன்றும் மலையிலிருந்து ஏதாவது ஒன்றும் இருக்கவேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொள்வார். இதைத் தின்னாதே, அதைத் தின் என்று சொல்லவில்லை. நூலகத்திலிருந்து புத்தகம் எடுப்பதையும் இப்படியே பழக்கலாம். உனக்குத் தெரிந்தது ஒன்று, தெரியாதது ஒன்று. தெரிந்ததை எடுக்கவிடாமல் செய்தால் தெரியாததையும் எடுக்கமாட்டான்.

தெரியாதது என்பது எங்கோ தூரத்தில் இருக்கவேண்டியதில்லை. மாயாவி படிக்கும் பையனுக்கு ஆள் மறைவதுதான் பிடித்திருக்கிறது என்றால் எச். ஜி. வெல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மனிதன் கதை அவனுக்குப் பக்கத்துத் தெருதான். மின்சாரம்தான் பிடித்திருக்கிறது என்றால் அவன் போகவேண்டிய அலமாரியே வேறு. வேதாளக் கதை பிடித்த பிள்ளைக்குக் கி. ராஜநாராயணன் திரட்டிய நாட்டுப்புறக் கதைகளிலிருந்து ஒன்றிரண்டைப் பார்த்து எடுத்து வாசித்துக் காட்டலாம். 'எது பிடித்தது' என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்ளாமல் அடுத்ததைத் தேடமுடியாது என்பதற்காகவே இவ்வளவு நேரம் அதைப் பற்றிப் பேசினேன். கதையே பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குத் தகவல் வேண்டும், படம் வேண்டும், திமிங்கலம் எத்தனை அடி என்று தெரியவேண்டும். அதுவும் வாசிப்புதான். 'பூந்தளிர்' ஆசிரியராக இருந்த வாண்டுமாமா மந்திரவாதிக் கதைகளையும் எழுதினார், அறிவியலையும் எழுதினார். இரண்டையும் ஒரே உற்சாகத்தோடு எழுதினார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிள்ளைகள் சுலபமாகத் தாவினார்கள்.

பிள்ளைகள் தங்களுக்குள் புத்தகம் பரிமாறிக்கொள்வதற்கு இன்னொரு பலன் உண்டு. பெரியவர்கள் நாக்குத் தடுமாறும் விஷயங்கள் அந்த வழியில் போய்ச் சேர்ந்துவிடும். யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ஆம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. பேசும் மரப்பாச்சி பொம்மை ஒன்று, தகாத தொடுதலால் தவிக்கும் சிறுமிக்குத் துணையாக வரும் கதை. இதைப் பற்றி மகளிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று தெரியாமல் நாட்களைக் கடத்தும் வீடுகள் எத்தனையோ. ஒரு சிறுமி தன் தோழியிடம் அந்தப் புத்தகத்தை நீட்டி "பொம்மை பேசுதுடி, படிச்சுப் பாரு" என்றால் பாதிப் பாரம் இறங்கிவிடும். மீதிப் பாதிக்கு நாம் பக்கத்தில் இருக்கவேண்டும்.

புத்தகத்துக்கு எங்கே போவது என்றும் கேட்பீர்கள். விலை கொடுத்து வாங்குவது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. அரசுப் பள்ளிகளில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வந்திருக்கின்றன. கூச்சப்படும் பிள்ளையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, முடித்த சந்தோஷத்தில் பேசத் தொடங்கும் அளவுதான் அவை. பள்ளிக் கல்வித்துறை நடத்தும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களும் இருக்கின்றன. இவை பீரோவில் பூட்டிக் கிடந்தால் பயனில்லை. அழுக்காகிவிடும், கிழிந்துவிடும் என்று பயப்படும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிழியட்டும், கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம். பயன்படுத்துவதற்கே நூல்கள் என்பதுதான் ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை இரண்டாவதும் மூன்றாவதும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை விட்டுக்கொடுத்து, பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு நிமிடம் தாங்கள் படித்ததைச் சொல்லட்டும் என்று விட்டால் இந்த இரண்டு விதிகளையும் பிள்ளைகளே நிறைவேற்றிவிடுவார்கள்.

அதே 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று மன்னார்குடி மேலவாசலில், எஸ். வி. கனகசபை பிள்ளை ஏற்பாடு செய்த மாட்டு வண்டி நூலகத்தை ரங்கநாதன் தொடங்கிவைத்தார். வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் புத்தகம் போயிற்று. இன்று அந்தச் சிரமம் நமக்கு இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போகமுடியாதவர்களுக்கு வட்டாரத்தில் ஒரு கிளை நூலகமாவது இருக்கும். வீட்டு வரியோடு சேர்த்து 10 சதவீதம் நூலக வரியும் கட்டுகிறோம். அந்த நூலகத்துக்குள் உங்கள் பிள்ளை இதுவரை கால் வைத்திருக்கிறதா?

இல்லையென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். அது திறந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொண்டு, உங்கள் பிள்ளையோடு அதன் தோழனையோ தோழியையோ சேர்த்து அழைத்துப்போங்கள். அலமாரி முன்னால் இரண்டு பேரையும் விட்டுவிட்டு நீங்கள் பத்திரிகைப் பகுதியில் போய் உட்காருங்கள்; எதை எடுப்பது என்று அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.